இரண்டு விரல் வெளிச்சம்

இரண்டு விரல். கையை நீட்டி விரல்களைப் படுக்கவைத்து மேகத்தின் அடிவிளிம்புக்கும் கடலுக்கும் நடுவில் பொருத்திப் பார்க்கிறேன், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடங்குகின்றன, அதற்குமேல் ஒரு நூல் இடமில்லை. ஒரு விரலுக்குக் கால் மணி நேரம், எல்லா கேமராக்காரனுக்கும் தெரிந்த வாய்ப்பாடு இது, கைக்கடிகாரம் ஏமாற்றினாலும் கை ஏமாற்றாது. சூரியன் அந்த மேகத்தை விட்டு இறங்கிவிட்டால் அரை மணி நேரம் வெளிச்சம், எனக்கு வேண்டியதோ இரண்டே நிமிஷம், ஆனால் சனியன் இறங்க வேண்டுமே. கழுத்தில் தொங்கும், வெளிச்சம் பார்க்கிற கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தால் மேகத்துக்குள் ஒரு வெளுப்பு மட்டும் தெரிகிறது. தமிழ்நாட்டின் இந்தப் பக்கத்தில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் ராமேஸ்வரம் தீவின் இந்த வளைவுக்குத்தான் வந்தாக வேண்டும், அதற்கு அனுமதி வாங்க நாலு மாதம் அலைந்தேன், அந்த அனுமதி இன்றோடு முடிகிறது. படத்தின் கடைசி ஷாட். முப்பத்தெட்டு நாள் எடுத்ததில் மிச்சம் இது ஒன்றுதான். எடுத்து முடித்ததும் உடைப்பதற்குப் பூசணிக்காய் தார்ப்பாய்க்குக் கீழே குங்குமம் வைத்துத் தயாராக இருக்கிறது, உடைத்துவிட்டால் படம் முடிந்தது, அப்புறம் கேமராவைத் தொடக் கூடாது, கடவுளே இல்லை என்கிறவனும் இந்தத் தொழிலில் அதை மீறமாட்டான். கரையிலிருந்து முந்நூறு அடி தள்ளி, கடலுக்குள், ஒரு மணல் திட்டு. அதன்மேல் ஒரு தகரப் பெட்டி. பெட்டியின்மேல் கனகவல்லி அம்மா, எங்களைப் பார்த்தபடி, முதுகுக்குப் பின்னால் கடல். ஐம்பத்தெட்டு வயது, மதுரை நாடக மேடையில் முப்பது வருஷம், நான் முதல்முறையாக டைரக்ட் செய்யும் இந்தப் படத்தில் அவர்தான் என் அம்மா. முக்கால் மணி நேரமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறார், நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"சார், தண்ணி எவ்ளோ தூரத்துல இருக்கு?" வாக்கி-டாக்கியில் அவர் குரல். பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கும் வாக்கியைக் குனியாமல் எடுத்துப் பேசுகிறார், கெட்டிக்காரி. அவர் திரும்பிப் பார்க்க முடியாது, திரும்பக் கூடாது என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். திரும்பினால் தலையில் போட்ட முந்தானை கலையும், கலைந்தால் சரிசெய்ய ஆள் அனுப்ப வேண்டும், ஆள் போனால் ஈர மணலில் காலடி விழும், காலடி விழுந்தால் ஷாட் போச்சு. அவரைக்கூடப் படகில் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் இறக்கி, அவர் நடந்த தடத்தைப் பலகையால் இழுத்துச் சமப்படுத்திவிட்டுத்தான் வந்தோம். மனிதர் காலே படாத மணலில் ஒரு பெண் எப்படி வந்து உட்கார்ந்தாள் என்று பார்க்கிறவனுக்குத் தோன்ற வேண்டும். நல்ல யோசனைதான், என் யோசனைதான். "இன்னும் தூரம்மா" என்கிறேன். சொல்லிவிட்டுத்தான் மானிட்டரைப் பார்க்கிறேன். தூரம்தான், பதினைந்து அடி இருக்கும். நீச்சல் தெரியுமா என்று முதல் நாளே கேட்டேன், "மதுரைக்காரிக்கு நீச்சலா? வைகையில தண்ணியப் பாத்தே வருஷக்கணக்கு ஆச்சு சார்" என்று சிரித்தார், நானும் சிரித்தேன், யூனிட்டே சிரித்தது. இப்போது அது சிரிப்பாக இல்லை. வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிது, ஏனென்றால் வாயே வேண்டாம் என்றுதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பதின்மூன்று வயதில் மன்னாரிலிருந்து வந்தவன் வாயைத் திறந்தால் போதும், "நீ சிலோனா?" என்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள், போலீஸ்காரர் கேட்டால் பெயரையும் எழுதிக்கொள்வார். ராமநாதபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோவுக்கு விளக்குப் பிடிக்கப் போனபோதுதான் கண்டுகொண்டேன், கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. மாப்பிள்ளை வீட்டாரே ஒதுங்கி வழிவிடுகிறார்கள். சென்னைக்குப் போய் ஒன்பது வருஷம் உதவியாளன், அப்புறம் பதினெட்டு வருஷம் ஒளிப்பதிவாளன், இருபத்தியிரண்டு படம், எல்லாவற்றிலும் நான் பேசிய வார்த்தைகளைக் கூட்டினால் ஒரு சாதாரண டைரக்டர் ஒரே நாளில் கத்துகிற அளவு வராது. சவரி சார் ரொம்ப அமைதி என்பார்கள் என்னை. அமைதியாவது மண்ணாவது, பயம்.

மேகம் அசைந்ததா? இல்லை. ஒருவேளை கொஞ்சம். மாதம் ஒருமுறை அகதி முகாமில் தலை எண்ணுவார்கள், குடும்ப அட்டையோடு வரிசையில் நிற்க வேண்டும், ஆள் இல்லையென்றால் பெயரில் கோடு விழும், பெயரில் கோடு விழுந்தவன் இந்தப் பூமியில் எங்கே இருக்கிறான் என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. அதனால் மாதா மாதம் எந்த ஷூட்டிங் ஆனாலும் ஒரு நாள் காணாமல் போவேன். குலதெய்வத்துக்கு வேண்டுதல் என்று சொல்லி வைத்திருந்தேன். பொள்ளாச்சியிலிருந்து, விசாகப்பட்டினத்திலிருந்து, ஒருமுறை நூறு நடனக்காரர்களை நிறுத்திவைத்துவிட்டு, பஸ் பிடித்துப் போய் ஐந்து நிமிஷம் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். என்ன பக்தி, என்ன பக்தி என்று புரொடக்‌ஷன் மேனேஜர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், சவரிமுத்து என்று கிறிஸ்தவப் பெயர் வைத்தவனுக்கு எந்த ஊரில் குலதெய்வம் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. நான் எடுத்த படம் ஒன்று வெளிநாட்டு விழாவுக்குப் போயிற்று, ஒளிப்பதிவுக்குப் பரிசும் கிடைத்தது, பாஸ்போர்ட் இல்லாததால் நான் போகவில்லை, டைரக்டர் போய் வாங்கிக்கொண்டு வந்தார், எனக்கு ஒரு சாக்லேட் டப்பாவும் வாங்கி வந்தார். விமானம் என்றால் பயம் என்று அதற்கும் ஒரு பொய். பொய்யெல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறது, யாரோ கேட்கிறார்கள், உண்மையைச் சொல்ல நேரமாகும், சின்னதாக ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அம்மாவுக்கு அந்தச் சாக்லேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதுக்கோ பரிசு குடுத்தவங்கள்?" என்று கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு டப்பாவை அப்படியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். அம்மா போய் மூன்று வருஷமாகிறது. அவள் போன பிறகுதான் இந்தக் கதையை எழுதத் துணிவு வந்தது, அவள் இருந்திருந்தால் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பாள்.

"சார், ஐஎஸ்ஓ கொஞ்சம் ஏத்தி இப்பவே போயிடலாமா? மேகமா இருந்தாலும் ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு." ரியாஸ், மேடைமேல் கேமராவுக்குப் பின்னால். ஆறு வருஷம் என்னிடம் உதவியாளனாக இருந்தவன், இது அவன் தனியாகச் செய்யும் முதல் படம். "ஒரு மாதிரி நல்லா இருந்தா பத்தாதுடா" என்கிறேன், குரலில் இருக்கும் எரிச்சல் எனக்கே கேட்கிறது. டைரக்டர் ஆகிவிட்டால் முகத்தைப் பார்க்க வேண்டும், ஆளைப் பார்க்க வேண்டும், வெளிச்சத்தைப் பார்க்க ரியாஸ் இருக்கிறான். தெரியும். தெரிந்தும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் முப்பத்தெட்டு நாளும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது என்னை வைத்துச் சொன்னதுதான். ஆறு பேர் நடித்த ஒரு காட்சியில் ஜன்னல் வெளிச்சம் பிரமாதமாக இருக்கிறதென்று ஓகே சொல்லிவிட்டேன், ஒருத்தர் வசனத்தையே விட்டிருந்தார். கதிரேசன் விஷயமும் அப்படித்தான். நான் கேமராமேனாக இருந்த ஒரு படத்தில் கதிரேசன் ஸ்டண்ட் நடிகர், தீப்பிடித்த உடம்போடு குடோனிலிருந்து ஓடிவர வேண்டும், போதும் என்றால் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்குவேன் என்று பேசி வைத்திருந்தார். டைரக்டர் யாரோடோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் மட்டும்தான் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தலைக்குமேல் போனதைப் பார்த்தேன். பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. நெருப்புக்கும் முகத்துக்கும் வெளிச்சம் அப்படி ஒன்றுசேர்ந்து அமைந்திருந்தது, அப்படி அமையவே அமையாது, கட் சொல்வது என் வேலை இல்லை, நாலு செகண்ட் அப்படியே ஓடவிட்டேன். பல வருஷம் கழித்துச் சங்கத்து விழா ஒன்றில் ஒட்டிப்போன இடக்கை விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஷாட்டுக்குத் தியேட்டர்ல விசில் பறந்துச்சு சார்" என்றார் கதிரேசன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கதையை ரியாஸுக்குப் பாடமாகவே சொல்லியிருக்கிறேன், என்ன நடந்தாலும் கேமராமேன் கட் சொல்லக் கூடாது, டைரக்டர் வாயிலிருந்து வரும்வரைக்கும் ஓடணும் என்று. விரல்களைப் பற்றிச் சொல்லவில்லை.

"சார், தண்ணி ஏறுது. காத்தும் திரும்பிருச்சு. அம்மாவ ஏத்திருவமா?" இது களஞ்சியம், படகுக்காரர். படகு ஃபிரேமுக்குள் வரக் கூடாது, அது கிளப்பும் அலையும் வரக் கூடாது என்று அவரை இருநூறு கஜம் தள்ளி நிறுத்தி வைத்திருக்கிறேன். "பத்து நிமிஷம் களஞ்சியம்" என்கிறேன். "அரை மணிக்கு முன்ன இதான் சொன்னீய" என்கிறார். மானிட்டரில் திட்டின் ஓரம் மினுங்குகிறது. காய்ந்த மணல் மினுங்காது, தண்ணீர் தொட்டுவிட்டுப் போன மணல்தான் கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டும், அந்த மினுக்கக் கோடு எங்கே இருக்கிறதோ அதுவரை கடல் வந்துபோகிறது என்று அர்த்தம். பதினைந்து அடியில் இருந்தது. இப்போது எட்டு அடி. இதை எனக்கு எந்த இன்ஸ்டிட்யூட்டும் சொல்லித்தரவில்லை, பதின்மூன்று வயதில் ஒரு பகல் முழுக்க வேறு வேலையில்லாமல் பார்த்துத் தெரிந்துகொண்டது. "இதுதான் இந்தியா, இறங்குங்கோ" என்று விடிவதற்கு முன்னால் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிவிட்டுப் போனான் படகு ஓட்டி. விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் கடல், நடுவில் ஒரு மணல் தீடை, அதில் நாங்கள் பதினொரு பேர். அழுகிறவர்கள் அழுதார்கள். அம்மா அழவில்லை, எண்ணினாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை விரலை நீட்டி நீட்டி ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று பதினொன்று வரை எண்ணிவிட்டு வாயை மூடிக்கொள்வாள், மறுபடி எண்ணுவாள். கனகவல்லி அம்மா இப்போது செய்ய வேண்டியதும் அதுதான், எண்ண வேண்டும், பத்தில் நிற்க வேண்டும், மறுபடி ஒண்டிலிருந்து தொடங்கி மறுபடி பத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஷாட். எதிரில் யாரும் இல்லாமல் வெறும் கரையைப் பார்த்து. மற்றப் பத்துப் பேரையும் நேற்றே எடுத்து முடித்தாயிற்று. படத்தில் எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் பேதுரு மாஸ்டர் இருக்கிறார், அம்மா இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி இருக்கிறாள், பதினொரு பேர் கணக்குக்கு ஆட்டோ ஓட்டும் ஒருத்தரைச் சேர்த்தேன். பதின்மூன்று வயதுப் பையன் இல்லை, நான் இல்லை. திரைக்கதை படித்த யாரும் பையன் எங்கே என்று கேட்கவில்லை, இருந்தான் என்று தெரிந்தால்தானே கேட்பதற்கு.

"சார், காலுக்குப் பின்னால ஜில்லுங்குது. தண்ணி எங்க இருக்கு?" "தூரம்தான்மா, காத்து அப்படி." எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு. ரியாஸ் மேலேயிருந்து என்னைத் திரும்பிப் பார்க்கிறான், அவன் லென்ஸில் எல்லாம் தெரியும், மறுபடி கேமராவுக்குள் கண்ணை வைத்துக்கொள்கிறான், என் பிள்ளை, நான் வளர்த்த பிள்ளை. மேகம் தாழ்ந்து, கடலுக்கும் அதற்கும் நடுவில் இப்போது ஒரு விரலும் அரை விரலும். வெளுப்பு கீழே வருகிறது, மேகத்தின் விளிம்பு சிவக்கிறது, வந்துவிடும், இதோ வந்துவிடும், வராமல் போனால் முப்பத்தெட்டு நாளும் வால் இல்லாத பட்டம், தயாரிப்பாளர் அந்தக் கடைசி ஷாட்டை நம்பித்தான் பணம் போட்டார், நாற்பத்தேழு வயதில் இன்னொரு படம் எவன் கொடுப்பான், முப்பத்து நாலு வருஷமாகத் தற்காலிகமாக இருக்கிறவனுக்கு. பேதுரு மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி படகிலிருந்து இறங்கும்போது தண்ணீரில் விழுந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கையெட்டும் தூரம்கூடக் கலங்கல். "தம்பி, மாஸ்டரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நில், விடாதை" என்றாள் அம்மா. பகல் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன், வேர்த்து வழுக்கியது, பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் தண்ணீர் ஏறியது. எல்லோரும் நடுமேட்டில் ஒட்டிக்கொண்டு நின்றோம். அப்போது இதே மாதிரி ஒரு மேகம், இதே மாதிரி அதன் அடியில் ஒரு இடைவெளி, சூரியன் அதில் இறங்கியதும் தீடை முழுக்கத் தங்கத் தகடாகிவிட்டது. நான் அதற்குமுன் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. நாவறட்சி போய்விட்டது, பயம்கூடப் போய்விட்டது. "தம்பி, தண்ணி எவ்வளவு தூரத்தில நிக்குது?" என்று கேட்டார் மாஸ்டர். நான் அவர் பக்கமும் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. "இன்னும் தூரம் மாஸ்டர்" என்றேன். "அப்ப நான் கொஞ்சம் அங்கால போட்டு வாறன்" என்றார், ஒதுக்குப்புறமாகப் போய் வருகிறேன் என்று. காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். நாலைந்து பெண்கள் நிற்கிற இடம், பள்ளிக்கூடத்தில் சட்டைப் பொத்தானைக்கூடக் கழுத்துவரை போட்டுக்கொள்கிறவர், தள்ளித்தான் போவார். தூரம் என்று நான் சொன்ன பக்கமாகப் போனார். என் கைதான் முதலில் விட்டது, அவர் கை இல்லை. சூரியன் முழுதாக இறங்கியதும் அம்மா எண்ணத் தொடங்கினாள், பத்தில் நின்றாள், மறுபடி எண்ணினாள், பத்தில் நின்றாள். "மாஸ்டர் எங்கையடா?" "அங்கால போனவர்." அது உண்மைதான். மறுநாள் ஒரு மீன்படகு எங்களை ஏற்றிக்கொண்டு வந்தது, முகாம் வாசலில் முன்னமே வந்திருந்த மாஸ்டரின் மகன் நின்றுகொண்டிருந்தார், ஒவ்வொருத்தராக எங்களைக் கடந்து பார்த்தார். கடல் கொண்டுபோட்டுது என்று அம்மாதான் சொன்னாள். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன்.

வந்துவிட்டது. மேகத்துக்கு அடியில் சூரியனின் கீழ்விளிம்பு ஒரு நகக்கீற்றாய் வெளியே வருகிறது, கறுப்புக் கண்ணாடி வேண்டாம், வெறுங்கண்ணுக்கே தெரிகிறது, "ரோல்" என்று கத்துகிறேன், "ரோலிங்" என்கிறான் ரியாஸ், "ஆக்‌ஷன் கனகம்மா." மானிட்டரில் கடல் பற்றிக்கொள்கிறது. மினுக்கக் கோட்டைத் தேடுகிறேன், காணவில்லை. கோடு எங்கே என்று தேட இனி மணல் இல்லை, திட்டு இல்லை, பெட்டியின் மேற்பாகம் மட்டும் தெரிகிறது, ஒரு பெண் தண்ணீரின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். நான் கனவில்கூடக் கேட்காத ஷாட். சந்தோஷம், வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷம். "ஒண்டு... ரெண்டு... மூண்டு..." ஒரு மாதம் என்னிடம் கேட்டுப் பழகிய மன்னார் உச்சரிப்பு, அம்மாவின் விரல், அம்மாவின் வாய். "ஒம்பது... பத்து." நிற்கிறார். கண் கரையைத் துழாவுகிறது. மறுபடி ஒண்டு. தண்ணீர் பெட்டியின் விளிம்பைத் தாண்டி மடியைத் தொடுகிறது, சேலை பூவாய் விரிந்து மிதக்கிறது, அதுவும் அழகாக இருக்கிறது. "ஒம்பது... பத்து." அவ்வளவுதான், இங்கே கட் சொல்ல வேண்டும், ஷாட் முடிந்தது. வாய் திறக்கவில்லை. இன்னும் நாலு செகண்ட் அந்த முகத்தில் அந்த வெளிச்சம் இருந்தால். "ஒண்டு..." மூன்றாவது முறை எண்ணத் தொடங்குகிறார். மூன்றாவது முறை நான் எழுதவில்லை. எழுதாததை நடிக்கிறாரா, நடிப்புக்காரிதானே, மேடையில் வளர்ந்தவர், கட் வராதவரை நிறுத்தக் கூடாது என்று தொடர்கிறாரா, அல்லது வேறு எதையும் சொல்லத் தெரியாமல் பயத்தில் எண்ணுகிறாரா. "ரெண்டு..." உதடு நடுங்குகிறது. நடிப்பா. "மூண்டு..." இரண்டு கையும் பெட்டியை விட்டு மேலே எழுகின்றன, தலைக்குமேலா, முந்தானையைப் பிடிக்கவா, எனக்குத் தெரியவில்லை, முப்பது வருஷம் முகங்களுக்கு வெளிச்சம் போட்டவனுக்கு ஒரு முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. கட் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன்.

"மாஸ்டர், அங்கால போகாதேங்கோ!" என்று வருகிறது. என் குரல்தான். யூனிட்டே திரும்பிப் பார்க்கிறது, நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறேன், செருப்பு ஒன்று மணலிலேயே நின்றுவிட்டது, தண்ணீர் முழங்கால், தொடை, மார்பு. சாயங்காலம் நாலு மணிக்கு முழங்கால்வரைதான் இருந்த இடம் இது. நீந்துகிறேன், கறுப்புக் கண்ணாடி கழுத்தில் கயிற்றோடு இழுக்கிறது, வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கிறது, ஒன்றும் தெரியவில்லை, பெட்டி எங்கே, கை எங்கே. ஒரு சேலை நுனி கையில் சிக்குகிறது, அப்புறம் ஒரு மணிக்கட்டு. காலுக்கடியில் மணல் தட்டுகிறது, நிற்கிறேன், இடுப்புக்குமேல் தண்ணீர், அவர் பெட்டியிலிருந்து சரிந்து என் தோளைப் பற்றிக்கொள்கிறார், நகம் பதிகிறது. அந்தக் கை ஐஸாய்க் குளிர்ந்து, நிற்காமல் உதறிக்கொண்டிருக்கிறது. யாராலும் அப்படி நடிக்க முடியாது. காதுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்குகிறது. கத்துவார் என்று நினைத்தேன். "தூரம்னு சொன்னீங்களே தம்பி" என்கிறார், மெதுவாக, முப்பத்தெட்டு நாளும் சார் என்று கூப்பிட்டவர். "தூரம்னுதானே சொன்னீங்க." சமாதானம் சொல்லலாம், காற்று, நீரோட்டம், களஞ்சியம் கவனித்திருக்க வேண்டும், எத்தனையோ இருக்கிறது. "பொய் சொன்னனான்" என்கிறேன். "கிட்டத்தான் நிண்டது. நான் பாக்கேல்லை. வெளிச்சத்தைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன். கையை நான்தான் விட்டனான்." அவருக்குப் புரிந்திருக்காது. சென்னைக்கு வந்த நாளிலிருந்து, வசனம் சொல்லிக்கொடுத்தது தவிர, அம்மாவிடமன்றி ஒருவரிடமும் பேசாத பேச்சு அது, இப்போது ஒரு மதுரைக்காரியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு பேசுகிறேன், அழுகிறேன் என்பதும் மெதுவாகத்தான் தெரிகிறது. அவர் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுகிறார்.

களஞ்சியம் வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே வந்து எங்களை ஏற்றுகிறார். "படம் எடுக்கியளா, ஆளக் கொல்லுறியளா?" சரியான கேள்வி. கனகவல்லி அம்மாவுக்கு ஒரு துண்டு, அதற்குமேல் களஞ்சியத்தின் சட்டை. பல் கிடுகிடுவென்று அடிக்கிறது, அதற்குள் தலையைத் திருப்பிச் சூரியனைப் பார்க்கிறார். "இன்னும் வெளிச்சம் இருக்கு போல. தண்ணி இல்லாத இடமாப் பாத்து இன்னொன்னு போலாமா சார்?" சார் திரும்பி வந்துவிட்டது. பழக்க தோஷம், என் கை தானாக நீள்கிறது. ஒரு விரல். கால் மணி நேரம் தாராளமாக இருக்கிறது. கையை மடக்கிக்கொள்கிறேன், "வேண்டாம்மா" என்கிறேன். கரையை நெருங்கும்போது மேடையில் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருப்பது தெரிகிறது. லென்ஸ் எங்களைத் தொடர்ந்து திரும்புகிறது. "ரியாஸ், இன்னும் ஓடுதா?" "நீங்க கட் சொல்லலியே சார்." அவன் முகம் வெளுத்துப்போயிருக்கிறது, கை மட்டும் கேமராவை விடவில்லை. "அம்மா கையத் தூக்கினத நானும் பாத்தேன் சார். எனக்கு... கட் சொல்றது என் வேலை இல்லேன்னு..." அடிக்கலாம்போல இருக்கிறது, அவனை அல்ல, என்னை. "இனிமே சொல்லு" என்கிறேன். "யார் டைரக்டரா இருந்தாலும் சொல்லு." அவன் தலையாட்டுகிறான். "ஃபிரேம்ல நீங்க வந்துட்டீங்க சார். சட்டை, கண்ணாடி, எல்லாம் தெரியுது. கடைசிவரைக்கும் நீங்க இருக்கீங்க." கனகவல்லி அம்மாவைக் கைத்தாங்கலாக மணலில் இறக்கி உட்காரவைத்துவிட்டு நிமிர்கிறேன். "இருக்கட்டும்" என்கிறேன். "கட்." சிவப்பு விளக்கு அணைகிறது. பூசணிக்காயை எடுத்து வருகிறார்கள், எல்லோரையும் பக்கத்தில் வரச் சொல்கிறேன், சமையல்காரர், டிரைவர், விளக்குக்காரர்கள், எல்லோரையும். தலைக்குமேல் தூக்கியவர் இன்னும் போடாமல் என்னைப் பார்க்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டுகிறேன். விரலை நீட்டி எண்ணுகிறேன், வாய்விட்டு, என் ஊர்ப் பேச்சில், ஒண்டு, ரெண்டு, மூண்டு. என்னையும் சேர்த்து நாற்பத்தியொரு பேர். மறுபடியும் எண்ணுகிறேன். எல்லோரும் இருக்கிறார்கள்.